நாற்காலியின் இடப்பக்கம்

1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்த பல் மருத்துவர்கள் சட்டம் மூன்று பேரை அறிந்திருந்தது. ஒருவர் பல் மருத்துவர். இன்னொருவர் பல்லைச் சுத்தம் செய்து, வாயைப் பேணும் வழியைச் சொல்லித்தரும் ஹைஜீனிஸ்ட். மூன்றாமவர் பல்செட் கட்டித்தரும் மெக்கானிக். மூவருக்கும் வரையறை உண்டு, பதிவேடு உண்டு, படிப்புக்கு விதி உண்டு. ஆனால் நம் ஊர்களில் ஒரு சாதாரணப் பல் கிளினிக்குக்குள் போனால் இந்த மூவரில் இருவரைப் பார்க்க முடியாது. ஹைஜீனிஸ்ட் அநேகமாக இருக்க மாட்டார். மெக்கானிக் வேறெங்கோ ஒரு லேபில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் இருப்பார். அவருக்கு எதிரே, நாற்காலியின் இடப்பக்கம், சட்டம் பெயர் சொல்லாத நான்காவது ஆள் ஒருவர் நிற்பார். டோக்கன் கொடுத்தவர் அவர். உங்கள் கழுத்தில் ஏப்ரன் கட்டியவர், எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்திருப்பவர், நீங்கள் எழுந்து போன பிறகு ரத்தம் பட்ட கருவிகளைக் கழுவப்போகிறவர், எல்லாம் அவர்தான்.

கோவையில் நோயாளிகள் அவரை ‘சிஸ்டர்’ என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் ‘அம்மிணி’ என்பார்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், ஒரு கிளினிக்கில், என் அத்தை 31 வருஷம் அந்த இடத்தில் நின்றார். 1983இல் பத்தாவது முடித்த கையோடு சேர்ந்தவர். ‘நீங்க என்ன வேலை பாக்கறீங்க?’ என்று யாராவது கேட்டால் ‘பல்லு டாக்டர்கிட்ட இருக்கறேனுங்க’ என்பார். அந்த வேலைக்கு அவரிடம் வேறு பெயர் இருக்கவில்லை. நான் பின்னாளில் பல் மருத்துவம் படித்தேன், இப்போது கோவையில் தொழில் செய்கிறேன். எனக்கும் அதற்குச் சரியான பெயர் தெரியாது. ‘உதவியாளர்’ என்று எழுதுகிறோம். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எழுதுகிறவர்கள் வழக்கமாக அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொடங்குவார்கள். 1885இல் அங்கே எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் மால்வினா குவேரியா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். அதற்குமுன் பையன்கள்தான் உதவிக்கு இருந்தார்கள். பெண் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்றால், வீட்டு ஆம்பளை துணை இல்லாமலும் பெண் நோயாளிகள் வருவார்கள். ‘உள்ளே பெண் இருக்கிறார்’ என்பது அந்தக் காலத்து அமெரிக்கக் கிளினிக்குகளுக்கு ஒரு விளம்பர வாசகமாகவே ஆனது. ஆக, அவர் அங்கே நிறுத்தப்பட்டது முதலில் அவர் கைக்காக அல்ல, அவர் இருப்புக்காக. நூறு வருஷம் கழித்து என் அத்தையை வேலைக்கு எடுத்ததற்கும் இதே காரணம்தான். ‘பொம்பளைங்க தனியா வரச் சங்கட்டப்படறாங்க, ஒரு பொண்ணு இருந்தாத் தேவலை’ என்றுதான் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

கெல்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரான்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த மறுவருஷமே, 1896இல், அதைப் பல்லுக்குப் பயன்படுத்தத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையையே கதிரின் முன் நீட்டுவார். விரல்களை இழந்தார், பிறகு கையை இழந்தார். 1928இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு உதவியாளருக்குச் சொல்லித்தரும் விதிகளில் முதன்மையானது, எக்ஸ்-ரே எடுக்கும்போது நோயாளியின் வாய்க்குள் ஃபிலிமை உன் விரலால் பிடிக்காதே என்பது. அவரை அறியாமலே அவருடைய கையிலிருந்து வந்த பாடம் அது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்பவர் 1906இல் தன் உதவியாளரான ஐரீன் நியூமனுக்குப் பல்லைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913இல் அதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். ஹைஜீனிஸ்ட் என்ற தொழில் அங்கிருந்து பிரிந்தது. நியூஸிலாந்துக்காரர்கள் இன்னும் துணிந்தார்கள். முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் எவ்வளவு கெட்டுக் கிடந்தன என்று கண்டு திகைத்துப்போய், 1921இல் தாமஸ் ஹன்டரின் முயற்சியால் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். சொத்தையை அடைப்பதும் பால்பல்லைப் பிடுங்குவதும் அவர்களே. பிள்ளைகள் அந்த அறைக்கு ‘கொலைவீடு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள், அது தனிக்கதை. அந்த முறை 1949இல் பினாங்குக்கு வந்தது. 1950களில் இலங்கையில் மகரகமைக்கு வந்தது. மலேயாவிலும் இலங்கையிலும் பல் நர்ஸ் என்றொருவரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறிவார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் அது வரவில்லை.

ஏன் வரவில்லை? தேவை இல்லாமல் இல்லை. 1946இல் வந்த போர் குழு அறிக்கையின் கணக்குப்படி இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ், மூன்று லட்சம் பேருக்கு ஒரு பல் மருத்துவர். இப்படியொரு பஞ்சத்தில், பயிற்சி பெற்ற துணைக்கைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கியிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கவலையோ வேறாக இருந்தது. யார் பல் மருத்துவர், யார் இல்லை என்று கோடு கிழிப்பதுதான் அதன் முதல் வேலை. படித்தவர்களைப் பதிவேட்டின் ‘ஏ’ பகுதியில் வைத்தது. படிக்காமலேயே குறைந்தது ஐந்து வருஷம் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்துவந்தவர்களை ‘பி’ பகுதியில் சேர்த்துக்கொண்டு கதவைச் சாத்தியது. சென்னையிலும் வேறு பல நகரங்களிலும் இருந்த சீனப் பல் வைத்தியர்கள், டாக்டர்களிடம் கையாளாக இருந்து தொழில் பழகி வெளியேறியவர்கள் எல்லாரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவர்கள்.

கொங்குப் பகுதியில் அந்தக் கதவுக்கு முன்னால் வரக்கூட நினைக்காத ஒருவர் இருந்தார். ஊர் நாவிதர். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் அவர்தான். கட்டியைக் கீறுவதும், ஆடுகிற பல்லைப் பிடுங்குவதும், காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் அவர்தான். அவர் வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். சிரைக்கிறவர் என்று ஒருபக்கம் தள்ளிவைத்த ஊர், அதே ஆளை மறுபக்கம் ‘மருத்துவர்’ என்று சொன்னது. அந்த வித்தை அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. எந்தப் பல்லை எப்போது தொடக்கூடாது என்பதும் சேர்ந்தே போனது. கிளினிக்குகள் வந்தபோது செய்கை மட்டும் புதிய ஆட்களின் கைக்கு மாறியது. தொடக்கூடாதது எது என்ற பாடம் மாறவில்லை.

அதற்குப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ‘தொழிலைக் கத்துக்கிட்டுப் போயிருவான்’ என்ற பயம். கம்பவுண்டராக இருந்தவர் பக்கத்து ஊரில் போர்டு மாட்டிய கதை ஈரோட்டிலிருந்து உடுமலை வரைக்கும் எந்தப் பழைய டாக்டரைக் கேட்டாலும் கிடைக்கும். இந்தப் பயம் நம்முடையது மட்டும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1949இல், ஹைஜீனிஸ்டுகளுக்குப் பல் அடைக்கக் கற்றுத்தரும் ஒரு சோதனைக்குச் சட்டம் போட்டது. பல் மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுவருஷமே சட்டம் வாபஸ். நம் ஊரில் சட்டம் போட்டு வாபஸ் வாங்கும் வேலைகூட இல்லை. டாக்டர் ஒவ்வொருவரும் தன் கிளினிக்குக்குள் தானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவது, ஏன் என்று சொல்லாமல் விடுவது.

அத்தையின் பயிற்சி அப்படித்தான் நடந்தது. முதல் மூன்று மாதம் கூட்டுவது, துடைப்பது, பெயர் எழுதுவது. பிறகு ஸ்டெரிலைசரில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பது. பிறகு கருவிகளின் பெயர். மவுத் மிரரும் புரோபும் ட்வீசரும் ஒரு டிரேயில் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பது. பிறகு சிமென்ட். கண்ணாடிப் பலகையின்மேல் பொடியை ஆறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்காகத் திரவத்தில் சேர்த்து, பலகை முழுக்கப் பரப்பிக் குழைக்க வேண்டும். துத்தநாகப் பாஸ்பேட் சிமென்ட் குழையும்போது சூடாகும். சூடானால் சீக்கிரம் இறுகும். அதனால்தான் பரப்புவதும், பலகையைக் குளிரவைப்பதும். இந்தக் காரணத்தை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் அது கையிலேயே கல்லாகிப்போனதைப் பார்த்துத் தானே கண்டுபிடித்தார். பலகையைப் பானைத் தண்ணீரில் முக்கி, ஈரம் போகத் துடைத்து வைப்பார். ‘மாவு பெசையறவளுக்குத் தெரியாதா கண்ணு, எது எப்ப எறுகும்னு?’ என்று என்னிடம் கேட்டார். நான் அதைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது மூன்றாம் வருஷம்.

தானாகக் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. அந்நாட்களில் பல் அடைக்க வெள்ளிப் பூச்சு, அதாவது அமல்கம், பொதுவாகப் பயன்பட்டது. வெள்ளிக் கலவைப் பொடியோடு பாதரசத்தைச் சின்ன உரலில் அரைத்து, துணியில் போட்டுப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் முத்துமுத்தாக வெளியே வரும். பிழிந்த கலவையை உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்து மிருதுவாக்கி டாக்டரிடம் நீட்ட வேண்டும். அத்தை இதை வெறுங்கையில் செய்தார், வருஷக்கணக்கில். கீழே சிந்திய உருண்டைகளை நான் சின்னப் பையனாகப் போனபோது ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு விளையாடக் கொடுத்திருக்கிறார். பாதரசம் ஆவியாகும், அந்த ஆவி நுரையீரல் வழியாக உடம்புக்குள் போகும் என்று அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். சொல்லவில்லை. ஜப்பானிய ஊரின் பெயரால் அமைந்த மினமாட்டா ஒப்பந்தம் 2013இல் வந்தது. இந்தியா அதை 2018இல் ஏற்றது. அத்தை அதற்கு நான்கு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

இந்த வேலையை உண்மையிலேயே இரண்டு பேருக்கான வேலையாக மாற்றியது ஒரு இயந்திரம். 1957இல் ஜான் போர்டன் அமெரிக்காவில் கொண்டுவந்த ஏரோட்டர். காற்றின் விசையில் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றும் துரப்பணம். அவ்வளவு வேகத்தில் பல் சூடாகி உள்ளே நரம்பு செத்துவிடும், ஆகவே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் குடைய வேண்டும். வாய்க்குள் நிரம்பும் அந்தத் தண்ணீரை யாராவது உறிஞ்சியாக வேண்டும். டாக்டரின் ஒரு கையில் ஏரோட்டர், மறு கையில் கண்ணாடி. மூன்றாவது கை வேண்டும். கூடவே நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்க நான்காவதும். அமெரிக்காவில் இதை ‘நான்கு கைப் பல் மருத்துவம்’ என்று பெயரிட்டு ஒரு கலையாகவே வளர்த்தார்கள். நோயாளியின் முகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள், நெற்றி 12 மணி. வலக்கை டாக்டருக்கு 7 மணியிலிருந்து 12 மணி வரை இடம். உதவியாளருக்கு 2லிருந்து 4 வரை. கருவிகள் கைமாறுவது 4க்கும் 7க்கும் நடுவில், மோவாய்க்குக் கீழே, நோயாளியின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஊசியை முகத்துக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. டாக்டர் கேட்காமலே அடுத்த கருவி வர வேண்டும்.

1960களில் அமெரிக்க அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து, மாணவர்களுக்கு உதவியாளரோடு வேலை செய்யும் முறையைக் கற்பிக்கச் சொன்னது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நம் கல்லூரிகளில் மாணவர் தனியாகத்தான் வேலை பழகுகிறார். ஒரு கையில் ஏரோட்டர், மறு கையில் கண்ணாடி, சக்ஷன் குழாயை நோயாளியின் உதட்டோரம் தொங்கவிட்டுவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு. கூட்டம் குறைவாக இருந்தால் நண்பன் வந்து பிடிப்பான். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. கொங்குப் பக்கம் 1980களில் சேலத்திலும் குமாரபாளையத்திலும் தனியார் கல்லூரிகள் வந்தன, பிறகு கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் பக்கம் ஆர்விஎஸ், திருச்செங்கோட்டில் கேஎஸ்ஆர், விவேகானந்தா என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு வருஷமும் இங்கிருந்து நூற்றுக்கணக்கில் டாக்டர்கள் வெளியே வருகிறார்கள். உதவியாளரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலோருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. நான் என் முதல் கிளினிக் வைத்தபோது அத்தை நான்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். கையை எங்கே நீட்ட வேண்டும், எப்போது நீட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தது அவர்தான்.

அத்தையின் கிளினிக்குக்குக் கையுறை வந்தது ஏரோட்டருக்குப் பின்னால். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தது. 1990களில் நாமக்கல், அந்த லாரித் தொழிலின் ஊர், தொற்று அதிகமுள்ள மாவட்டம் என்று பத்திரிகைகளில் அடிபட்டது. பல் கிளினிக்குகளில் பீதி. ‘லாரிக்காரங்களா?’ என்று ஜாடையாக விசாரித்துவிட்டு ‘டாக்டர் இல்லை’ என்று அனுப்பிய இடங்கள் உண்டு. யாரையும் கேட்காதே, எல்லார் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே நினைத்து வேலை செய் என்பதுதான் உலகம் அப்போது கற்றுக்கொண்ட விதி. அது கையுறை, முகமூடி, ஆட்டோகிளேவ் என்று பொருட்களாக உள்ளே வந்தது, விதியாக வரவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் 100 டிகிரிதான், சில கிருமிகளின் விதையுறை அதற்குச் சாகாது, 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். குக்கர் வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இரண்டு நிமிஷத்தில் புரிகிற விஷயம். பருப்பு ஏன் குக்கரில் சீக்கிரம் வேகிறதோ அதே கணக்கு.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாதபடி ஒன்று நடந்தது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் ஒரு காய்ச்சல் கண்டது. மெலியாய்டோசிஸ், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வருவது. எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2025இல் வெளியானது. மூலத்தைத் தேடிப்போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், திறந்து வைத்த ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவியால் பாட்டிலைத் திறப்பது, மிச்சத்தைப் பஞ்சால் லேசாக மூடிவைப்பது, மறுபடி அதையே இன்னொருவர் வாயில் பயன்படுத்துவது. விசேஷமான அலட்சியம் என்று இதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பாட்டிலைக் கிடைத்த கருவியால் திறப்பதையும் மீதியை மூடிவைப்பதையும் நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர் பாட்டில். ஒரு ஆளுக்கு வேண்டியது கொஞ்சம். மீதியைக் கொட்ட எந்தச் சிக்கனக்காரருக்கும் மனசு வராது, கொங்குக்காரருக்கு நிச்சயமாக வராது.

அத்தை கொட்டினார். அவருடைய வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் குடியிருந்தார். திறந்த சலைனில் கிருமி வளரும், கண்ணுக்குத் தெரியாது என்று ஒருநாள் வாசலில் உட்கார்ந்து பேசும்போது அந்த அம்மா சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து சாயங்காலம் மிச்சத்தைச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவார். டாக்டர் முகம் சுளித்தும் விடவில்லை. ‘சோறு கெட்டா நாத்தமடிக்குமுங், தெரியும். தண்ணி கெட்டாத் தெரியாதுங்’ என்று அவரிடமே சொன்னாராம். டாக்டர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாடம் அத்தைக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு யோகம். வாணியம்பாடியில் எட்டு வீடுகளில் சாவு விழுந்ததற்கும் அந்தக் கிராமத்தில் ஒன்றும் ஆகாததற்கும் நடுவில் இப்படிப்பட்ட யோகம்தான் இருந்தது என்றால், 1948இலிருந்து நாம் செய்தது என்ன?

இப்போது சில கதவுகள் திறந்திருக்கின்றன. சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் பல் உதவியாளர் வேலைக்கென்று ஒரு பாடத்திட்டம் வைத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நம் மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்பிரிவில் செவிலியம் நெடுநாளாக ஒரு பாடம். அதைப் படித்த பெண்கள் பலர் கிளினிக்குகளுக்கு வருகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மில்லா பனியன் கம்பெனியா கிளினிக்கா என்று யோசித்து, சம்பளம் குறைவென்றாலும் உட்கார நாற்காலி உண்டு, கல்யாணத்துக்குச் சொல்லிக்கொள்ள நல்ல வேலை என்று இதைத் தேர்ந்தெடுத்து நேராக வருகிறவர்கள். இரண்டு வருஷத்தில் கல்யாணமாகிப் போய்விடுவார்கள், இவர்களுக்கு எதற்கு மெனக்கெட்டுச் சொல்லித்தருவது என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். அத்தை 31 வருஷம் இருந்தார்.

என் கிளினிக்கில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் டிரேயையும் சிமென்டையும் தொடவிடுவதில்லை. கையைக் கழுவுவது, ஊசிக்கு மூடியை ஒரே கையால் மாட்டுவது, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணை, ஆட்டோகிளேவ், சலைன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். அன்னூர் பக்கமிருந்து வரும் ஒரு பெண், சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வாணியம்பாடிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, ‘ஏனுங் சார், இதுல சின்ன பாட்டிலே வர்றதில்லீங்களா?’ என்றாள். வருகிறது, 100 மில்லி. கணக்குப் பார்த்தால் விலை கூடத்தான். மறுநாள் மருந்துக்கடைக்கு அவளே போன் செய்து ஒரு பெட்டி சொல்லிவிட்டு, பில்லை என் மேஜைமேல் வைத்தாள்.